ஒரு புள்ளி

கொம்தார் மூன்றாம் மாடி.
மடிக்கணினிகள் வரிசையாக வாய் திறந்திருக்கின்றன,
பல் டாக்டரிடம் வந்தவைபோல.
எல்லாவற்றிலும் அதே ஆரஞ்சு மீன்
பவளப் பாறைக்குள் புகுந்து வெளிவருகிறது.
அந்த மீனைக் காட்டினால்
எந்தத் திரையும் அழகுதான்.

"ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி ஆண்ட்டி,
மவுஸ் இலவசம், பையும் இலவசம்" என்றான் கோர்.
அவன் பெயர்ப்பட்டை சாய்ந்திருந்தது.
பாயான் லெப்பாஸில் பதினொரு வருடம்
உருப்பெருக்கியின் கீழே ஈய முடிச்சுகளைப் பார்த்த கண்;
நேராக இல்லாததில்தான் போய் நிற்கும்.

இவற்றின் வயிறு எனக்குத் தெரியும்.
முகத்தை இன்றுதான்
காசு கொடுப்பவளாகப் பார்க்கிறேன்.

ஒரு விரலால் மூடியைத் தூக்கினேன்,
அடிப்பாகமும் கூடவே எழுந்தது.
விசைப்பலகையின் நடுவே அழுத்தினேன்,
நனைந்த அட்டைபோல் உள்வாங்கியது.
திரையைப் பின்னால் சாய்த்தேன்.
மீன் பச்சையாகி, சாம்பலாகி,
வெறும் முள்ளாயிற்று.

"நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும் ஆண்ட்டி."
எங்கள் வீட்டில் யார் நேராக உட்காருகிறார்கள்?
பள்ளி பஸ் ஓட்டி முதுகு விறைத்த ஜீவா
பாயில் படுத்துத்தான் பந்தாட்டம் பார்ப்பார்.
சர்மிதா கட்டிலில் குப்புற.
நான் நின்றபடி, கையில் கரண்டியோடு.

பையிலிருந்து பென்டிரைவை எடுத்தேன்.
"மீன் போதும். இதைப் போடு."

தைப்பூச இரவு, தண்ணீர்மலைப் படிக்கட்டு,
கொழுந்தனின் காவடி.
கைப்பேசியில் நான் எடுத்தது, ஆடும்.
இருட்டு கறுப்பாக இல்லை, தார்ச்சாலைபோல் சொரசொரத்தது.
போகட்டும், அன்றைக்கும் ஒரே புகைதான்.
ஆனால் உறுமி எங்கே?
குச்சி தோலைத் தேய்ப்பது தெரிகிறது,
அடிவயிற்றிலிருந்து வரும் அந்த முனகல் மட்டும்
எங்கோ கழன்று விழுந்துவிட்டது.
மிச்சமிருப்பது தகர டப்பாவில் உருளும் கடலை.

"என்ன பாட்டு இது?"
"பாதிப் பாட்டு" என்றேன்.

கோர் யோசித்தான். காதுக்கருவி ஒன்றை நீட்டினான்.
செருகினேன்.
கடை நடுவில் என் குதிகால்
என்னைக் கேட்காமல் தரையைவிட்டு எழுந்தது.
அவன் மவுஸ் பெட்டிகளை அடுக்குவதுபோல்
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு திரை முழுக்க வெள்ளை கேட்டேன்.
இருந்தது.
வலப்பக்கம் மேலே, எள்ளில் கால்வாசி,
செத்த புள்ளி.

"ஐந்து இருந்தால்தான் மாற்றுவார்கள். ஒன்று கணக்கில்லை."
எங்கள் வரிசையில் ஒன்றுதான் கணக்கு.
ஒன்றுக்குத்தான் சிவப்பு ஸ்டிக்கர்.
தப்பிப்போன ஒன்றுக்குத்தான் மேற்பார்வையாளர்
எல்லார் முன்னாலும் என் எண்ணைச் சொல்வார்,
பெயரைச் சொல்லமாட்டார்.

"வேறு பெட்டி திறக்கவா?"
"நூற்றைம்பது குறை, இதையே எடுத்துக்கொள்கிறேன்."
கால்குலேட்டரில் அவன் தட்டி எனக்குக் காட்டினான்.
நான் தட்டி அவனுக்குக் காட்டினேன்.
நூற்றிருபதில் நின்றது, காதுக்கருவியோடு.
உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து
புதிதுபோல் மடித்துத் தந்தான். மீனும் போயிற்று.

ரெலாவ் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

"அம்மா, கொசு" என்று
சர்மிதா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
"திருஷ்டிப் பொட்டு வைத்தே விற்கிறானா?"
பாயிலிருந்து ஜீவா.
அப்புறம் இருவரும் மறந்துவிட்டார்கள்.
எனக்கு மட்டும் அது எங்கே இருக்கிறதென்று
கண்ணை மூடினாலும் தெரியும்.

எல்லாரும் தூங்கியபின் திறந்தேன்.
முதலில் பெயர் கேட்டது.
விரல் பழக்கத்தில் நாலு, ஒன்று, ஒன்று, ஏழு தட்டியது.
அழித்தேன்.
ஒவ்வோர் எழுத்தாய்த் தேடி
மரகதவல்லி என்று போட்டேன்.

தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம் கட்டினேன்.
அப்போதுதான் கேட்டது, உள்ளே விசிறி
சளி கட்டிய குழந்தைபோல் இரைவது.
கடைச் சத்தத்தில்
அது எனக்குத் தப்பியிருக்கிறது.